கண்டறியப்படவில்லை

அமன்சிம்டோட்டியில் கடல் சன்னலுக்கு வெளியே இருக்கிறது.
சன்னல் திறப்பதில்லை.
உப்புக்காற்று தராசைக் கெடுக்கும் என்று
ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

உறை எண் நாற்பத்தொன்று.
பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் பதினொன்று,
லேபிளில் ஒரு பச்சை இலை, ஏழு விரல்.
விரலை எண்ணியெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் வண்ணச் சோதனை.
அசிட்டால்டிஹைடு கொஞ்சம், அமிலம்,
பிறந்தநாள் கேக்கில் மணக்கிற அதே வனிலின்.
கஞ்சா இருந்தால் கத்தரிப்பூ நிறம் எழும்.
எழுந்தால் மட்டும் போதாது,
குளோரோஃபார்ம் ஊற்றியதும் அந்த ஊதா
கீழே இறங்கி வரவேண்டும்.
காப்பித்தூள்கூட ஒருமுறை எங்களுக்கு ஊதா காட்டியது,
இறங்கத்தான் இல்லை.
அன்றிலிருந்து நோம்தண்டாசோ
சில மனிதர்களைக் காப்பி என்றே குறிப்பிடுகிறாள்.

நாற்பத்தொன்று எழவுமில்லை, இறங்கவுமில்லை.

அடுத்தது தகடு.
சிலிக்கா பூசிய வெண்மையில் பென்சில் கோடு கிழித்து
நால்வரை வரிசையில் நிறுத்தினேன்.
மூவர் தெரிந்தவர்கள்.
கரைப்பான் ஏற ஏற ஒருவரை ஒருவர் முந்துவார்கள்.
பிறகு ஃபாஸ்ட் புளூ தெளித்தால்
போதை தருவது சிவக்கும், தராதது ஆரஞ்சாகும்.
இரண்டுக்கும் எடை ஒன்று:
கார்பன் இருபத்தொன்று, ஹைட்ரஜன் முப்பது, ஆக்சிஜன் இரண்டு.
ஒரு வளையம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா,
அவ்வளவுதான்
ஜெயிலுக்கும் மருந்துக்கடைக்கும் உள்ள தூரம்.
மூன்றாவது ஊதா. அது சிவப்புக்கு வயதானது.
காவல் நிலையப் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்து
காற்று குடித்துக் குடித்து இப்படி ஆகும்.
வழக்கு எத்தனை முறை தள்ளிப்போனது என்று
அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நாலாவது பாதையில் வெள்ளை.
பதினொரு குப்பிக்கும், பதினொரு முறையும்.

மூன்று மணிக்கு மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
வாயுக் கருவி சூடேற்றிக் கேட்கும்.
அந்தச் சூட்டில் இலையின் அமிலம்
கரியமிலவாயுவை விட்டுவிட்டு
வேறு ஆளாகிப் பதில் சொல்லும்,
அடித்துக் கேட்டால் எவனும் ஒப்புக்கொள்வதுபோல.
ஆகவே திரவக் கருவியில் ஏற்றினேன்.
சுடாமல். இருபத்திரண்டு நிமிடம்.
தட்டையான கோடு.
சூரியகாந்தி எண்ணெய் என்றாள் நோம்தண்டாசோ, முகர்ந்து.
முகர்ந்ததை நாங்கள் அறிக்கையில் எழுதுவதில்லை.

வெருலம் நீதிமன்றம், வியாழக்கிழமை.
குபேந்திரன் ரெங்கசாமி, பீனிக்ஸ், டாக்ஸி ஓட்டுபவர்.
விற்பதற்காக வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு.
எழுந்து நின்று ஒரு சொல்லை வாசித்தேன்:
கண்டறியப்படவில்லை.
வக்கீல் சிரித்தார்.
மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
விடுதலை.

அவர் மட்டும் கூண்டிலிருந்து இறங்கவில்லை.
படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார் பிறகு.
மேடம், என் பையன் திரேஷனுக்கு வலிப்பு.
காலையில் மூணு சொட்டு, ராத்திரி மூணு, நாக்குக்கு அடியில்.
கிளினிக் வரிசையில் இன்னும் அஞ்சு பேருக்கு
நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.
ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்தது, இப்ப ரெண்டு.
இதில் ஒண்ணுமே இல்லேன்னா
எது மேடம் குறைச்சது?

அதற்கு என் அலமாரியில் வினைப்பொருள் இல்லை.
கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல,
கருவிக்கு ஓர் எல்லை உண்டு,
அதற்குக் கீழே நாங்கள் வாய் திறப்பதில்லை என்று
சொல்ல வந்தேன்.
உண்மைதான். ஆனால் அவர் கையில் அது
நம்பிக்கையாகிவிடும்.
நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.
எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

குற்றமில்லாத பொருள், திருப்பித் தந்தாக வேண்டும்.
பதினொன்றையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டார்.
ஒவ்வொன்றிலும் நான் எடுத்த இரண்டு மில்லி குறைந்திருந்தது.
ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
நாளுக்கு ஆறு சொட்டு என்று
உதடு கணக்குப் போட்டது.