மற்றவை

படிவத்தில் மூன்று கட்டம்:
கரப்பான், எலி, மற்றவை.

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை,
இரவு இரண்டரை.
பசை அட்டையில் ஒட்டிக் கிடந்தபடி
என் டார்ச் வெளிச்சத்தை
முழுசாகக் குடித்தன இரண்டு கண்கள்.

இந்த ஊர் எலிகளை எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷத் தொழில்.
சாக்கடை வாடை, வழுக்கை வால்,
மாட்டினால் பல்லைக் காட்டும்.
இதுவோ செம்மண் நிறம்.
கண்ணைச் சுற்றி மை வளையம்.
வால் நெடுக ரோமம், நுனியில் குஞ்சம்.
கிட்டப் போனால் ஏலக்காய் வாசம்.

நான் போடிக்காரன்.
ஏலம் என்றாலே எங்கள் மலைதான் என்று
ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.
"எங்கேப்பா, குரங்கணிப் பக்கமா?"
கேட்டும்விட்டேன், வெட்கமில்லாமல்.
மூட்டையைத் திருப்பினால்
பச்சை மையில் குவாத்தமாலா.

அந்த மலையின் பெயர்கூடத் தெரியாது.
மேகம் மரத்துக்குள் வந்து உட்காருமாயிருக்கும்.
அதற்குமேல் எதுவும் சொல்ல
எனக்கு உரிமையில்லை.

நாற்பது நாள் கப்பல்.
கண்டெய்னர் கூரை ராத்திரியில் வியர்க்கும்,
அதை நக்கியிருக்கும்.
கீழே கடல் இருந்ததே தெரிந்திருக்காது.
காற்றில் ஆடும் கிளை
கொஞ்சம் நீளமாக ஆடுகிறது என்று
நினைத்திருக்கலாம்.

விதிமுறை, எட்டாம் பக்கம்:
அட்டையோடு மடி, பையில் போடு, மிதி.
என் பூட்ஸ் ஒன்பதாம் நம்பர்.

சூப்பர்வைசர் அர்னெல் வேனில் தூங்கிக்கொண்டிருந்தான்.
டிபன் பாக்ஸில் மீன் வறுவலின் மிச்ச எண்ணெய்.
விரலில் தொட்டு ஒவ்வொரு பாதமாக விடுவித்தேன்.
நான்காவது பாதத்தில் கடித்தது.
நியாயம்தான்.
காலையில் ஊசி போட வேண்டும்,
டாக்டரிடம் என்னவென்று சொல்ல?

கிடங்கு எலி அவிழ்ந்ததும் கீழே பார்க்கும்:
ஓட்டை, சந்து, இருட்டு.
இது மேலே பார்த்தது.
இரும்பு ராக்கின் காலைப் பற்றி
மூன்றாம் தட்டு, ஐந்தாம் தட்டு,
ஏழாம் தட்டுக்கும் மேலே
ஏசி குழாய் சொட்டுகிற இடம்.
கொஞ்சம் குளிர், கொஞ்சம் ஈரம்.
வெளியே ஜூலை.

எலி: இல்லை என்று எழுதினேன்.
மற்றவையில் பேனா நின்றது.
ஒரு கோடு இழுத்துக்
கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் போனபோது
ஸ்டோர்கீப்பர் மக்பூல் பாய் காவா ஊற்றித் தந்தார்.
ஏலம் தூக்கல்.
"மேலே என்ன பார்க்கிறாய்?"
"டியூப்லைட் மினுக்குது, பாய்."
"மாற்றச் சொல்கிறேன்."
"அவசரமில்லை" என்றேன்.