இரண்டு நாற்பது

இரவு இரண்டு நாற்பதுக்கு சப்ஸ்டேஷனில் போன்.
"காத்து ஜாஸ்தி. மூணாவது ஃபீடரை நிறுத்துங்க."
சென்னைக் குரல், நடுவில் ஒரு கொட்டாவி.
பதிவேட்டை இழுத்து நேரம் எழுதினேன், பென்சிலில்.
காரணம் என்ற கட்டத்தில் வழக்கம்போல்:
தேவை குறைவு.

பணகுடிக்குத் தெற்கே பத்தொன்பது காற்றாடிகள்
இறக்கையை ஒருக்களித்துக்கொண்டு நின்றன.
ஆடிக் காற்றுக்கு யாரும் போன் செய்யவில்லை.
அது கணவாய் வழியே வந்துகொண்டே இருந்தது,
தகரக் கூரையைத் தட்டி, கண்ணில் மண்ணள்ளிப் போட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் குத்தாலிங்கம்.
"யாருக்குவே தேவை குறைவு?"

தொண்ணூற்று நாலில் ஏக்கர் எட்டாயிரத்துக்கு
அவர் கொடுத்த செவக்காட்டில்தான்
நூற்றுப் பதினேழாம் நம்பர் சுற்றுகிறது.
காவல் அவர்.
விற்ற நிலத்தில் நிற்கச் சம்பளம்.
அந்தக் காசில்தான் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தார்,
அதையும் அவரே சொல்வார்.
ரோடு வந்தது. ரோட்டில் ஒரு தெரு நீளத்துக்கு இறக்கை வந்தது.
திரும்ப இடமில்லை என்று புளியமரம் போனது.

குத்தகை வாழைக்கு மும்முனை மின்சாரம்
காலை ஒன்பதுக்குத்தான்.
"வீணாப் போற காத்தை ரெண்டு மணி நேரம்
நம்ம மோட்டாருக்கு விட்டா என்னவே?"
"அது வேற லைன்."
"எல்லாமே வேற லைன்தான்."

ஜெபக்கனிக்கு இருபத்தாறு வயது.
எண்பது மீட்டர் ஏறுவாள்,
இடுப்பில் கொக்கி, பையில் ஸ்பேனர், கடலைமிட்டாய்.
மேலேயிருந்து பார்த்தால்
மகேந்திரகிரிக்குப் பின்னால் மழை காத்திருப்பது தெரியுமாம்.
அம்மா மடியில் முறம் தெரியாது,
ஆனால் எந்த வாசல் என்று தெரியுமாம்.
அம்மா சுற்றுவது பீடி, மகள் பார்ப்பது சுற்றுகிற இறக்கை.
ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, ஒரு மணி நேரக் காற்றுக்கு இவ்வளவு என்று
ஒரே நோட்டில் எழுதி வகுத்துப் பார்த்தாளாம்.
மீதி வந்துகொண்டே இருந்ததாம், விட்டுவிட்டாள்.
சம்பளத்தில் அம்மாவின் குழு லோன்
இன்னும் ஏழு தவணை.

போன வாரம் இரண்டு பேர் காரில் வந்தார்கள்.
இரவுக் காற்றைப் பகலுக்குச் சேர்த்துவைக்கும்
பேட்டரிப் பெட்டிகள் வைக்க இடம் வேண்டுமாம்.
குத்தாலிங்கத்தின் மனைவி பிரம்மசக்தி பேரில்
ஒன்றரை ஏக்கர் கிடக்கிறது.
விலை சொன்னார்கள். நல்ல விலை.
குத்தாலிங்கம் தலையாட்டப் போன நேரம்
அவள் பீடிக் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"விலைக்கு இல்ல.
வாடகை. அதுபோக
யூனிட்டுக்கு இத்தனை பைசான்னு பங்கு.
பெட்டி இருக்கிற வரைக்கும்."

"அப்படி வழக்கமில்லையேம்மா."

"எட்டாயிரத்துக்குக் கொடுத்தது மட்டும் வழக்கமாக்கும்?"

கார்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று
எழுத ஆரம்பித்தார்கள். பேனா எழுதவில்லை.
அங்கே சும்மா நின்ற நான் என் பேனாவைக் கொடுத்தேன்.

அது இன்னும் வரவில்லை.
நாலு ஐம்பதுக்கு மறுபடி போன்:
"மூணாவதை ஏத்துங்க."
அதுவரை வீசியதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.
இரண்டு நாற்பதுக்கு எழுதிய காரணத்தை
ஒருமுறை பார்த்தேன்.
பென்சில்தான்.
மேசை டிராயரில் அழிரப்பர் இருக்கிறதா என்று தேடினேன்.