முதுகுப் பக்கம்

குவெனித் பாரியின் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
எனக்குத் தெரிந்தது முதுகு.

பதினேழு கொக்கி. இருபத்திரண்டு நொடி.
பல்லில் கவ்விய சிறு டார்ச்சின் வெளிச்சத்தில்
மீன்காரியை உரித்தெடுத்து
சீமாட்டியாக்கி அனுப்ப வேண்டும்.
தட்டிக்கு அந்தப் பக்கம் வயலின்கள்
யாருக்காகவும் நிற்பதில்லை.
முதல் வாரம் ஒரு கொக்கி தப்பிவிட்டது.
வலது கையால் முதுகைப் பொத்திக்கொண்டு
இடது கையால் மட்டும் காதலித்தாள்
அந்தக் காட்சி முழுக்க.
மறுநாள் பத்திரிகை எழுதியது:
'என்ன நாணம்!'

ஸ்வான்சீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள்.
உயரத்திலிருக்கும் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டே
திறந்துகொண்ட தொண்டை.
லண்டனில் மூன்றாம் பால்கனியின் கடைசி ஆள்
காது கேட்காதவர் என்றாலும்
அவரும் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு அதையே படமாக எடுத்தார்கள்.
அதே கதை, அதே பாட்டு, வேறு முகம்.
முகம் கலிபோர்னியாவிலிருந்து விமானத்தில் வந்தது,
கூடவே ஒரு நாய்க்குட்டியும்.
குரலுக்குக் குவெனித் போதும் என்றார்கள்.
பெயர் போட இடமில்லை என்றார்கள்.
இரக்கப்பட்டு ஒரு வேடமும் தந்தார்கள்:
சந்தைக் கூட்டத்தில், கூடையோடு,
இன்னொருத்தி வாயிலிருந்து வரும் தன் குரலை
மெய்மறந்து கேட்கிறவள்.
ஒன்பது டேக்.
"குறைத்துக்கொள் அம்மா" என்றார் இயக்குநர்,
"இங்கே கடைசி வரிசை கிடையாது."
அந்தச் சம்பளத்தில் ஒரு சலவை இயந்திரம் வாங்கினாள்.

விதிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு போலும்.
லீட்ஸில் ஒரு தொலைக்காட்சித் தொடர்,
செவ்வாயும் வியாழனும் இரவு ஏழரைக்கு.
சலவைக்கடை மேவிஸாகப் பதினோரு வருடம்.
நீல மேலங்கி. முன்பக்கம் நான்கு பொத்தான்,
அவளே போட்டுக்கொள்வாள்.
எனக்கு அங்கே வேலையில்லை.
ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க மட்டும் போவேன்.

ஒருநாள், யாருடைய சட்டையையோ மடித்தபடி
இரண்டு வரி முணுமுணுத்துவிட்டாள்.
ஒளிபரப்பில் அது இல்லை.
அந்த மெட்டுக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டுமாம்,
கட்டுபடியாகாதாம்.
"எந்தப் பாட்டு?" என்று கேட்டேன்.
பிஸ்கட்டை டீயில் நனைத்தாள்.
அது உடைந்து உள்ளே விழுந்தது.

மேவிஸைக் கடைசியில் பேருந்தில் அடிபட்டுச் சாகவிட்டார்கள்.
கிரிம்ஸ்பியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது.
டாக்சிக்காரர் ஒருவர் காசு வாங்க மறுத்து
தொப்பியைக் கழற்றி, "மன்னிக்கணும், ரொம்ப வருத்தமாயிருக்கு" என்றார்
மேவிஸ் இறந்ததற்கு, குவெனித்திடமே.
"தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்" என்றாள் இவள்.
வீடு வரும்வரை நாங்கள் சிரிக்கவில்லை.

அறுபத்தொன்பதாம் வயதில் கூப்பிட்டார்கள்.
அதே நாடகம். சீமாட்டிக்குத் தாய் வேடம்,
ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு உடைமாற்றம்.
நிபந்தனை என்று அவள் கேட்டது என்னைத்தான்.
கொக்கிகள் அதே பதினேழு.
நடுவில் இப்போது ஒலிவாங்கிப் பெட்டி ஒன்று
அட்டைப்பூச்சிபோல் முதுகில் ஒட்டியிருக்கிறது.
என் முழங்கால் மடிய மறுக்கிறது. விரல்கள்
ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு நகர்கின்றன.

முப்பத்தெட்டு நொடி.

இசை நடத்துகிற ஃபெமிக்கு இருபத்தொன்பது வயது.
இடைவேளையில் படியிறங்கி வந்தான்,
என் கையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் போனான்.
அடுத்த மாலை அந்த இடத்தில்
எட்டு அளவு நீண்டிருந்தது இசை,
ஓபோ மட்டும், தனியாக.

பெரிய விமர்சகர் ஒருவர் எழுதியிருக்கிறார்,
துக்கம் சொல்லைத் தேடித் தவிக்கிற இடமாம் அது.

துக்கமில்லை ஐயா.
பதினான்காவது கொக்கி.