தொங்கல் கணக்கு

சனிக்கிழமை. அதுவும் மாத முடிவு.
மூன்றாம் மாடியில், குளிரூட்டிக்குக் கீழே,
பரீட்சை மீதி நாலாயிரத்து எழுபது ரூபாயால் இடிக்கிறது.
இருநூற்றுப் பதினாலாம் அறையின் சோடாவா,
கலியாண மண்டபத்து ஐஸ்கிரீமா,
இல்லை, இரவுக் காசாளர் கஜரூபனின் கொட்டாவியா?
மணி ஒன்றரை.
இரண்டுக்குச் சோனகத் தெருவில்
பதினொரு பேர் வந்திருப்பார்கள்
துருக்கி மொழி படிக்க.

"துருக்கியோ?" என்றார் முகாமையாளர், முதல் தடவை லீவு கேட்டபோது.
"ஜெர்மன் எண்டாலாவது ஒரு அர்த்தம் இருக்கு, ருமைஸா."
எஸ்கிஷெஹிரில் நாலு பனிக்காலம்
ஐந்தொகையை அந்த மொழியில்தான் நான் சமப்படுத்தினேன்
என்பதை அவருக்குச் சொல்லி என்ன.
அரை நாள் சம்பளம் வெட்டு என்று நானே பதிந்துவிட்டு
ஸ்கூட்டியை எடுத்தேன்.
ஆஸ்பத்திரி வீதி. ஐந்து சந்தி.
டயர்க் கடைக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடம்.
மின்விசிறி ஒன்று, அதற்கும் வேலை வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

எவ் என்றால் வீடு.
எவ்லெர், வீடுகள்.
எவ்லெரிமிஸ்தே, எங்கள் வீடுகளில்.
"எங்கட தமிழ் மாதிரித்தான் மிஸ், வாலில வால் கட்டுது,"
என்றான் அஸ்ஃபர். அங்காராவுக்கு விண்ணப்பித்திருக்கிறான்;
கடவுச்சீட்டுப் படத்தில்கூடச் சிரிக்கிறான்.

இன்று இறந்தகாலம். அவர்களிடம் அது இரண்டு.
கெல்தி: வந்தான். கண்ணால் கண்டது. பற்றுச்சீட்டு உண்டு.
கெல்மிஷ்: வந்தானாம். யாரோ சொன்னது.
உதாரணம் கேட்டார்கள். கை தானாக எழுதியது:
எவிமிஸ் வர்மிஷ்.
எங்களுக்கு ஒரு வீடு இருந்ததாம்.
புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்தவளுக்கு
இந்தத் தெரு முழுவதும்
அந்த "ஆம்"இல்தான் கட்டப்பட்டிருந்தது.
அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன், பூனை பால் குடித்ததாம் என்று.

கடைசி வாங்கில் ஜெனோவா. குருநகர்.
கொப்பி கொண்டுவருவதில்லை.
"எனக்கு ஒரு வசனம் காணும் மிஸ்.
என்ர மனுசன் அங்கை இருக்கிறாரோ எண்டு
பொலிசுக்கு எடுத்துக் கேக்க."
கோஜாம் ஒராதா மு?
மு என்றதும் உதட்டைக் குவித்தாள்.
குவிக்காதே, காசு என்கிறோமே, அந்தக் கடைசி உகரம், அவ்வளவுதான்.
மு. மு. மு.
பதினொரு பேரும் சேர்ந்து கேட்டோம்
அவளுடைய மனுசன் அங்கே இருக்கிறாரா என்று.
கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம்.

பிறகு அவள் கேட்டாள்:
"அவர் போனதை எப்பிடிச் சொல்லுறது? கித்தியோ, கித்மிஷோ?
கொழும்பு பஸ் ஏறினதை நான் கண்டனான்.
இஸ்மீரில வள்ளம் ஏறினதைக் காணேல்லை."
இலக்கணப் புத்தகத்தை விரித்தேன்.
அது நல்ல புத்தகம்.
அதில் பஸ் இருந்தது, வள்ளம் இருந்தது.

ஐந்தரைக்கு மறுபடி மூன்றாம் மாடி.
நாலாயிரத்து எழுபது அப்படியே நிற்கிறது.
சோடாவும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை,
கஜரூபன் அம்மாவாணைச் சத்தியம் செய்கிறான்.
தொங்கல் கணக்கில் போட்டேன்.
களவில்லை அது, விதியில் இடமுண்டு:
தெரியாததைத் தெரியாதது என்றே
ஒரு பெயர் கொடுத்து வைத்திருக்கலாம்,
மாதம் ஒருக்கால் திறந்து பார்க்கலாம்.

பள்ளிக்கூடக் கணக்குத் தனிக் கொப்பி.
ஜெனோவா மூன்று மாதமாகக் காசு தரவில்லை.
அறவிடமுடியாக் கடன் என்று எழுதப் பேனை எடுத்தேன்.
மூடினேன். பேனையைத்தான்.

கதவில் முகாமையாளரின் தலை.
"மாதக் கணக்கு முடிஞ்சுதோ?"
"முடிஞ்சுதாம்," என்றேன்.
அவர் கவனிக்கவில்லை.
நாளைக்கு எத்தனை பேருக்குக் காலைச் சாப்பாடு என்று கேட்டார்.