முன்பணம்

சனிக்கிழமைக்கு ஒன்பது பேர்.
நான்கு இரட்டைப் படகு, ஒன்று ஒற்றை.
ஒற்றையில் யுகேந்திரன்;
அவன் எடைக்கு அதுதான் சரி என்று
புலனத்தில் ஏகமனதாய் முடிவாகியிருந்தது.

நிபோங் திபால். கிரியான் ஆறு.
இருட்டிய பின் துடுப்பு போட்டு
மின்மினி மரங்கள்வரை போய்த் திரும்பி
மீன்தலைக் கறி.
தலைக்கு முப்பது வீதம்
இருநூற்று எழுபது ரிங்கிட் முன்பணம்
படகுக்கார ரோஸ்லிக்கு நான்தான் அனுப்பினேன்.
புவனேஸ் தன் பங்கை இன்னும் தரவில்லை.

வியாழன்வரை பாயான் லெப்பாசில்
துவைத்ததும் காயும் வெயில்.
மழை செலாமாவில் பெய்துகொண்டிருந்தது.
யாருடையதோ ஒரு மழை
எங்கள் சனிக்கிழமையை நோக்கி
இரண்டு நாளாய் நடந்து வருவது
தொழிற்சாலைக் கண்ணாடியில் தெரியவில்லை.

நீர்மட்டம் காட்டும் பக்கத்தைத்
திலகேஸ்தான் கண்டுபிடித்தான்.
பச்சை. பிறகு மஞ்சள்.
சாப்பாட்டு இடைவேளையில் ஆரஞ்சு.
பூப்பந்து ஆட்டத்தில் புள்ளி பார்ப்பதுபோல்
குனிந்து குனிந்து பார்த்தோம்,
நாங்கள் யார் பக்கம் என்று தெரியாமலே.

வெள்ளி காலை சிவப்பு.
‘தண்ணீர் இருந்தால்தானே படகு போகும்?’ என்றாள் லோகா.
‘தண்ணீர் இருக்கிறது, ஆற்றைத்தான் காணவில்லை’
என்றான் யுகேந்திரன்.
எட்டு சிரித்த முகங்கள் வரிசையாய் விழுந்தன.
ஒன்று என்னுடையது.

ரோஸ்லி அழைப்பை எடுக்கவில்லை.
எனக்குத் தெரிந்த மலாயில்
பணிவாய் ஒரு செய்தி எழுதினேன்:
வெள்ளத்துக்கு வருந்தி ஒரு வரி,
முன்பணம் பற்றி மூன்று வரி.

இரவு பதினொன்றேகாலுக்கு
முதலில் பணம் வந்தது. முழுசாய்.
பிறகு, நான் கேட்காத ஒரு படம்.
பள்ளி மண்டபம், சிமெண்டுத் தரை,
எங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த
ஆரஞ்சு மிதவைச் சட்டைகளைத்
தலைக்கு வைத்துப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.
எண்ணினேன். ஏழு சட்டைதான்.
மிச்சம் இரண்டு எங்கே என்று
தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன்.

படத்துக்கு அடியில்:
‘படகுகள் பத்திரம். கூரையில் கட்டியிருக்கிறேன்.
பிப்ரவரியில் வாருங்கள்.’

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
கூரைக்கு ஏற்றிக் கட்டவில்லை,
அவர் வீட்டுக் கூரை
படகு கட்டும் துறையாகிவிட்டது.

பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
அவர் திருப்பி அனுப்பினார்.
மறுபடி அனுப்பினேன்,
குறிப்பு என்ற கட்டத்தில் ‘பிப்ரவரி’ என்று போட்டு.
இம்முறை அங்கேயே நின்றது.

புலனத்தில் எதுவும் சொல்லவில்லை.
முப்பது ரிங்கிட் எப்போது கைக்கு வரும் என்று
முதலில் கேட்டது
இன்னும் தராத புவனேஸ்.

சனிக்கிழமை தீவில் ஒரு சொட்டு இல்லை.
திட்டத்தில் மீன்தலைக் கறி மட்டும் நடந்தது,
பத்து மாவோங் கரையோரம், வேறு கடையில்.
கடல், பால் குறைந்த தேநீர் நிறத்தில் இருந்தது.
எந்த ஆறு கொண்டுவந்த மண்ணோ,
ஆகாயத்தாமரைக் கொத்து, அரைத் தென்னமட்டை,
ஒற்றைச் செருப்பு.

மின்மினிகள் வெள்ளத்தில் எங்கே போகும் என்று
யாரோ கேட்டார்கள்.
யாருக்கும் தெரியவில்லை.
ரோஸ்லிக்குத் தெரியும்.

அப்போது ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி
கால்கள் அமிழ, முதுகு நிமிர்ந்து,
எழுந்துபோனவர் இப்போது வந்துவிடுவார்
என்பதுபோல் மிதந்து வந்தது.
யுகேந்திரன் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினான்.
கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தான்.
பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக்
குழம்பை என் பக்கம் தள்ளினான்.