கர்ணம்

மழை விட்டு ஒரு மணி நேரம். ஆலத்தம்பாடி,
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு.
கரும்பலகை இன்னும் ஈரம்.
நான் போட்ட செங்கோணம்
கொஞ்சம் கூன் விழுந்து நிற்கிறது.

"இந்தச் சாய்ந்த பக்கத்துக்குப் பெயர் கர்ணம்."

கடைசி பெஞ்சில் சிரிப்பு.
"கர்ணம் வீடு எங்க தெருமுனைல இருக்கு டீச்சர்.
பூட்டிக் கிடக்கு.
அவர் அளந்தா நெலம் கொறையுமாம்."

நான் தருமபுரிக்காரி.
குழி என்றால் எனக்குப் பள்ளம்.
தையல்நாயகிதான் திருத்தினாள்:
பன்னிரண்டடிக் கோலில் ஒரு சதுரம், அது குழி.
நூறு குழி ஒரு மா.

சரி. மூன்று கோல் பக்கம், ஒன்பது குழி.
நான்கு கோல், பதினாறு.
கர்ணத்தின்மேல் உட்கார்ந்த வயல் இருபத்தைந்து.
"பெரிய வயல் உங்களுடையது,
சின்னது இரண்டும் என்னுடையவை.
மாற்றிக்கொள்ளலாமா?"

படம் போடு. சின்ன எண்ணில் தொடங்கு.
முடிவிலிருந்து பின்னால் நட.
சொல்லாமல் விட்டதைத் தேடு.
பயிற்சி முகாமில் எனக்குக் கொடுத்த நான்கு வழிகளையும்
பலகையில் எழுதினேன்.
ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பைரோஸ் கட்டத்தாளை வெட்டிக்கொண்டிருந்தான்.
மின்விசிறியில் குழிகள் பறந்தன.
ஒரு குழி ஜன்னல் தாண்டித் தண்ணீரில் விழுந்தது.
மிச்சத்தைப் பொறுக்கி எண்ணினான், இருபத்துநாலு,
வெளியே எட்டிப் பார்த்து "அதோட அஞ்சு" என்றான்.
சரிசமம். மாற்றலாம்.

"வரப்பு டீச்சர்?"
தையல்நாயகி எழுந்து நின்றாள்.
"ரெண்டு வயலுக்கும் சுத்தி இருபத்தெட்டுக் கோல் வரப்பு.
ஒத்த வயலுக்கு இருவதுதான்.
வரப்புல நாத்து நட முடியுமா?
சமம்னு சொல்லி எங்க தலைல கட்டப் பாத்தீங்க.
நீங்கதான் டீச்சர் கர்ணம்."

வகுப்பு மேசையைத் தட்டியது.
எனக்கு உண்மையாகவே தோன்றவில்லை என்று
சொன்னால் யார் நம்புவார்கள்?

சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள் அஞ்சுகம்.
கேட்காமல் பேசுகிற பெண் இல்லை.
"எனக்கு ரெண்டு வயலே இருக்கட்டும் டீச்சர்.
எங்களுக்கு வயல் கெடையாது.
ஆட்டுக்குப் புல்லு
வரப்புலதானே அறுக்குறோம்."

மணி அடித்தது.
ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து என்பதன் கீழே
இருபத்தெட்டு, இருபது என்று எழுதி
நடுவில் என்ன குறி போடுவது என்று தெரியாமல்
சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

வயலுக்கு அந்தப் பக்கம்
திருத்துறைப்பூண்டி பஸ் வந்து நிற்கிறது.
குறுக்கே போனால் ஐந்து.
குறுக்கே சம்பா நட்டிருக்கிறார்கள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மூன்றும் நான்குமாக நடக்கிறேன்.
வரப்பில் புல்லை
யாரோ காலையிலேயே அறுத்துப் போயிருக்கிறார்கள்.