காரணம்: பிற

பதினாறு எஞ்சின்கள்.
ஆண்டுக்கு இருபது மணிநேரம்கூட ஓடாதவை.
மற்ற நேரமெல்லாம் அவற்றுக்கு ஒரே வேலை:
சூடாக இருப்பது.

உள்ளே சுற்றும் தண்ணீர்
நாற்பது பாகைக்குக் கீழே இறங்கினால்
மிரேயின் மேசையில் ஒரு மஞ்சள் புள்ளி கண் சிமிட்டும்.
குளிர்ந்த எஞ்சின் யோசித்துத்தான் எழும்.
யோசிக்க இங்கே யாருக்கும் நேரமில்லை.
மின்சாரம் போனால் பேட்டரிகள் கொஞ்சம் தாங்கும்,
அதற்குள் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும்.
பத்து நொடி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

போஆர்னுவாவில் பிப்ரவரி.
மூச்சிழுத்தால் மூக்குக்குள் மயிர் உறைகிற வாரத்தில்
சாம்பல் பூனை ஒன்று வேலி தாண்டி வந்தது.
ஊரிலேயே சும்மா சுட்டுக்கொண்டிருக்கும் அடுப்பு எதுவென்று
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
ஏழாம் எண்ணின் கூண்டில்,
விசிறிப் பட்டைக்கு ஒரு சாண் கீழே,
நான்கு குட்டி. கண் திறக்காதவை.

செவ்வாய் சோதனை ஓட்டம்.
'ஏழு மட்டும் அடுத்த வாரம்' என்று எழுதினாள்.
காவல் அறையிலிருந்து ரெஜான்
தன் சூரைமீன் டப்பாவில் பாதியை நீட்டினான்.
பூனை என்ற சொல்லை
அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

வியாழன் இரவு குளிர் சற்று இளகி
மழையாகப் பெய்தது.
விழும்வரைக்கும் தண்ணீர்,
தொட்ட இடத்தில் கண்ணாடி.
மின்கம்பிகள் மணிக்கட்டுப் பருமன் ஆயின.
பூர்ச்ச மரங்கள் நெற்றி தரையில் படக் குனிந்தன.
கால்வாய்க்கு அக்கரையில்
தெருத்தெருவாக ஊர் அணைந்துகொண்டே வந்தது.

டப்பாவோடு ஏழின் கதவருகே நின்றபோதுதான்
இங்கேயும் போயிற்று.

நொடி என்றால் நம்மிடம் விடுகதை என்றும் பொருள்.
எரியாத அடுப்பு, இறங்காத சூடு, அது என்ன?
பத்து நொடிக்குள் சொல்ல வேண்டும்.
ஒன்றாம் எண் இருமியது.
நான்காம் எண் உறுமியது.
பதினான்கு ஓடினால் போதும்,
இரண்டு உபரி.
சிவப்புக் குமிழைப்
பள்ளத்தில் விழுந்தவள் வேரைப் பிடிப்பதுபோல் பிடித்து
அழுத்தினாள் மிரேய்.

ஏழு எழவில்லை.

கட்டடம் முழுக்க வெளிச்சம் திரும்பியது.
உள்ளே யார் யாருடைய கணக்குகளோ, கல்யாணப் படங்களோ,
எத்தனை லட்சம் பூனைப் படங்களோ,
ஒன்றும் அசையவில்லை.
உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பதினொன்றாம் எண் மூன்று முறை முக்கிப் பார்த்துவிட்டு
படுத்துக்கொண்டது.
இதை அவள் கணக்கில் வைத்திருக்கவில்லை.

பதினான்கு.
முள் தொண்ணூற்றேழில்.
இன்னொன்று தும்மினால்கூடப் போதும்.
ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள்,
எது யாருடைய ஆபத்து என்று சொன்னவரில்லை.
ஐந்து மணிநேரம் அவள் உட்காரவில்லை.
ரெஜான் இரண்டு முறை காப்பி கொண்டுவந்து
இரண்டு முறையும் ஆறியதை எடுத்துப்போனான்.
அவன் வீடும் இருட்டில்தான்.
மனைவி பிள்ளைகளைக் காருக்குள் வைத்து
எஞ்சினை ஓடவிட்டிருக்கிறாளாம்,
சூட்டுக்காக.
"புகைபோக்கியில் பனி அடைக்காமல் பார்க்கச் சொல்" என்றாள்.
"சொல்லிவிட்டேன்" என்றான்.

விடிய மின்சாரம் வந்தது.
பூர்ச்ச மரங்கள் நிமிரவில்லை.

படிவம் கேட்டது:
ஓடாத எஞ்சின்கள் எத்தனை?
இரண்டு.
பதினொன்றுக்குக் காரணம், துவக்கி பேட்டரி.
ஏழுக்குக் காரணம்?
இயந்திரம், மின், எரிபொருள், மனிதத் தவறு, பிற.
நான்காவதன்மேல் அவள் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு 'பிற'வைத் தொட்டாள்.
விவரிக்கவும் என்று ஒரு கட்டம் திறந்தது.
'வேறு பணியில் இருந்தது' என்று அடித்தாள்.
அழித்தாள்.
திரும்ப அடித்தாள்.

கையில் டப்பா இன்னும் இருந்தது,
எண்ணெய் உறைந்து வெள்ளையாக.
அதைக் கொண்டுபோய்
ஏழாம் எண்ணின் வெதுவெதுப்பான தோளில்
இளகட்டும் என்று வைத்தாள்.